குப்புறப் படுத்த மலை
கோதா – வரலாற்றுத் தொடர் – 9

சென்ற வாரம் மணி அடித்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். ஒரு கிழமை முழுக்க உங்களைக் காக்க வைத்த பாவம் என்னைச் சும்மா விடாது. ஆகவே முன்கதை வேண்டாம். நேரே உள்ளே போவோம்.

லண்டன், ஷெப்பர்ட்ஸ் புஷ் திடல். 1910 செப்டெம்பர் 10, சனிக்கிழமை.

நடுவில் விரிப்பு. ஒரு பக்கம் பஞ்சாபின் காமா. 5 அடி 7 அங்குலம், 200 இறாத்தல். மறுபக்கம் போலந்தின் ஸ்தனிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ. உயரத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பருமனில் ஸ்பிஸ்கோ சுமார் 50 இறாத்தல் கூட. கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத உடம்பு.

வெல்பவருக்கு 250 பவுணும் 'ஜோன் புல்' பட்டியும். அந்தப் பட்டி இடுப்பில் ஏறினால் உலகச் சாம்பியன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மணி அடித்தது.

காமா பாய்ந்தார்.

ஸ்பிஸ்கோ விழுந்தார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ரிக்கெற் வாங்கி உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் சரியாக உட்கார்ந்திருக்கவும் மாட்டார்கள். அதற்குள் ஐரோப்பாவே பயந்த மனிதர் விரிப்பில் கிடந்தார். "இதுவும் ரோலர் கதைதான்" என்று எல்லோரும் நினைத்தார்கள்.

டொக்டர் பெஞ்சமின் ரோலரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இதே லண்டனில், ஒரு மாதத்துக்கு முன்னர்தான் காமா அந்த அமெரிக்கரை மடக்கினார். முதற் சுற்று 1 நிமிடம் 40 விநாடி. இரண்டாவது 9 நிமிடம் 10 விநாடி. ஸ்பிஸ்கோ போட்டி நடந்த வாரத்தின் தொடக்கத்தில் காமாவின் தம்பி இமாம் பக்ஸ், சுவிற்சர்லாந்தின் ஜோன் லெம்மைச் சில நிமிடங்களில் சுருட்டி வைத்தார். அண்ணனும் தம்பியும் வந்து இறங்கியதில் இருந்து லண்டனில் குஸ்தி என்றால் சில நிமிட வேலை.

ஆனால் வடிவாகப் பாருங்கள். ரோலர் விழுந்ததற்கும் ஸ்பிஸ்கோ விழுந்ததற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது.

ஸ்பிஸ்கோ குப்புற விழுந்திருந்தார்.

விதி என்ன? எதிரியின் இரண்டு தோள்களும் ஒருசேர விரிப்பில் பட வேண்டும். பட்டால்தான் வெற்றி. முதுகு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும்வரை, வயிறு விரிப்பில் ஆயிரம் தரம் பட்டாலும் அது தோல்வி இல்லை. நெஞ்சு பட்டாலும் இல்லை. மூக்கு நசுங்கினாலும் இல்லை.

ஸ்பிஸ்கோ கால்களை அகல விரித்தார். முழங்கைகளை விலாவோடு ஒட்டினார். நாடியை நெஞ்சுக்குள் புதைத்தார்.

பிறகு அசையவில்லை.

காமா கழுத்தில் கை கொடுத்தார். கழுத்து வரவில்லை. அக்குளுக்குள் கை நுழைத்துப் புரட்டப் பார்த்தார். அக்குளில் இடமே இல்லை. காலைப் பிடித்து மடக்கினார். ஒரு கால் வந்தது, உடம்பு வரவில்லை. இடுப்பைக் கட்டித் தூக்கினார். ஈர மண்ணில் இருந்து பனங்கிழங்கைப் பிடுங்குகிற மாதிரி அசைத்து அசைத்து இழுத்தார்.

கிழங்கு வரவில்லை.

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. திடலில் முதற் சீழ்க்கை கேட்டது.

காமாவின் சங்கடத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். அவர் வளர்ந்தது மண் கோதாவில். பிள்ளை வயதில் ஜோத்பூர் மகாராஜா நடத்திய போட்டியில் நூற்றுக்கணக்கான பயில்வான்களோடு பஸ்கி போட்டு, கடைசிவரை நின்றவர்களில் ஒருவர் என்று பெயர் எடுத்தவர். அன்று தொட்டு அவருடைய பலம் நிற்கிற எதிரியை நிலத்தில் போடுகிற வித்தை. குஸ்தியின் பேர்போன பிடிகளில் ஒன்று 'தோபி பாட்'. எதிரியின் கையைத் தன் தோளின் மேலால் வாங்கி, குனிந்து சுழன்று, ஆளை அப்படியே முன்னால் போடுவது. கண் இமைக்கும் நேரத்தில் ஆள் மல்லாந்து கிடப்பான்.

அதற்கு எதிரி நிற்க வேண்டுமே!

படுத்திருப்பவனைத் தோளின் மேலால் போடுவது எப்படி? மானமுள்ள பயில்வான் இப்படிப் படுத்தே கிடப்பானா?

சரி. ஸ்பிஸ்கோவுக்கு மானம் இல்லையா?

இங்கேதான் நாம் மூன்று மாதம் பின்னால் போக வேண்டும். கொஞ்சத் தூரம்தான். உடனே திரும்பி வந்துவிடலாம்.

சிக்காகோ, 1910 ஜூன் 1. எதிரே பிராங்க் கொட்ச். அமெரிக்காவின் சாம்பியன், அமெரிக்கர்கள் கண்ணில் உலகத்தின் சாம்பியன். மணி அடித்தது. ஸ்பிஸ்கோ வழக்கப்படி கையை நீட்டிக்கொண்டு முன்னே வந்தார். கை குலுக்க.

கொட்ச் கை குலுக்கவில்லை.

நீட்டிய கையைக் கடந்து கால்களுக்குள் பாய்ந்தார். 6 விநாடி! ஸ்பிஸ்கோவின் தோள்கள் விரிப்பில் கிடந்தன. இரண்டாவது சுற்றில் அரைமணித்தியாலம் அளவுக்கு இழுத்துப் பிடித்துப் போராடினார். பயன் இல்லை. உலகப் பட்டம் கைநழுவிப் போனது. 'ஆறு விநாடி ஸ்பிஸ்கோ' என்ற இளக்காரம் அத்திலாந்திக் கடலைத் தாண்டி, அவருக்கு முன்னரே ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஆனால் அதற்கும் முன்னர், 1909 நவம்பரில், இதே கொட்ச் ஒரு மணித்தியாலம் முயன்றும் இதே ஸ்பிஸ்கோவை வீழ்த்த முடியாமல் வெறுங்கையோடு போயிருந்தார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூடிக்கொண்டு கிடந்த நாளில் உலகத்தின் முதல்வன்கூட ஒன்றும் செய்ய முடியவில்லை. நிமிர்ந்து நின்று கை நீட்டிய நாளில் ஆறே விநாடி.

ஒரு மனிதன் இதில் இருந்து என்ன பாடம் படிப்பான்?

காமாவின் முதற் பாய்ச்சல் பட்டவுடனேயே ஸ்பிஸ்கோவுக்கு விளங்கியிருக்க வேண்டும். இந்தச் சின்ன உடம்புக்குள் இருக்கும் வேகம் கொட்சின் வேகத்துக்குக் குறைந்ததில்லை. எழும்பினால் விழுவேன். விழுந்தால் மூன்று மாதத்தில் இரண்டாம் தடவை. பிறகு எந்த ஊரில் எந்தக் கொட்டகைக்காரன் என்னைக் கூப்பிடுவான்? அவருக்குக் குஸ்தி பொழுதுபோக்கு இல்லை. அதுதான் சோறு.

அவர் வெல்ல வரவில்லை. அவருக்குத் தோற்காமல் இருந்தால் போதும்.

காமாவுக்கு அது போதாது. அவரையும் தம்பியையும் இன்னும் இரண்டு பயில்வான்களையும் கப்பலேற்றி அனுப்பியவர் சரத்குமார் மித்ரா என்ற வங்காளச் செல்வந்தர். சும்மா ஊர் பார்க்க அனுப்பவில்லை. வெள்ளைக்காரன் ஆளுகிற காலம். அவனுடைய தலைநகரில், அவனுடைய விதியின் கீழ், அவனுடைய பட்டியை ஓர் இந்தியன் இடுப்பில் கட்ட வேண்டும். சமநிலை என்ற ஒரு சொல்லைக் கல்கத்தாவுக்குத் தந்தியடிக்க முடியுமா?

ஒருவர் வென்றே ஆக வேண்டும். மற்றவர் கிடந்தாலே போதும்.

இப்போது திடலுக்குத் திரும்புவோம்.

அரைமணித்தியாலம். ஸ்பிஸ்கோ குப்புறக் கிடக்கிறார்.

சீழ்க்கை கூச்சலாக மாறியது. "எழும்படா!" என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகவும் லண்டன் சொல்லிப் பார்த்தது.

ஒரு மணித்தியாலம். ஸ்பிஸ்கோ குப்புறக் கிடக்கிறார்.

இடையிடையே எழும்பினார். இல்லை என்று சொல்லக்கூடாது. முழங்காலில் வந்தார், நின்றார், காமாவின் கண்ணைப் பார்த்தார். கூட்டம் மூச்சுப் பிடித்தது. அடுத்த விநாடி காமா நெருங்க, மலை மறுபடியும் சரிந்து விரிப்போடு ஒட்டிக்கொண்டது. கூட்டம் மூச்சைக் கூச்சலாக விட்டது.

ஒன்றரை மணித்தியாலம்.

காமா களைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் போட்டு வளர்ந்த உடம்பு அது. ஆனால் உடம்புக்குக் களைப்பு வராவிட்டாலும் மனசுக்கு வரும். ஒரே கழுத்து. ஒரே இடுப்பு. ஒரே பூட்டிய முழங்கை. திறப்பே இல்லாத கதவை எத்தனை தரம்தான் தட்டுவது?

இரண்டு மணித்தியாலம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கீழே கிடந்தவர் சும்மா கிடக்கவில்லை. காமா இடப்பக்கம் இழுக்கும்போது அவருடைய பாரம் வலப்பக்கம் போனது. கழுத்துக்குக் கை வரும்போது தோள் உயர்ந்தது. இடுப்பைத் தூக்கும்போது கால்கள் இன்னும் அகன்றன. மேலே இருந்து பார்த்தால் பிணம். கையை வைத்துப் பார்த்த ஒருவருக்குத்தான் அந்தப் பிணம் ஒவ்வொரு விநாடியும் கணக்குப் போட்டுக்கொண்டு இருப்பது தெரியும்.

கையை வைத்துப் பார்த்தவர் காமா ஒருவர்தான். சீழ்க்கை அடித்தவர்களில் ஒருவரும் இல்லை.

2 மணித்தியாலம் 34 நிமிடம். வெளிச்சம் போய்விட்டது.

போட்டி நிறுத்தப்பட்டது. வென்றவர் இல்லை. தோற்றவர் இல்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வந்து மோதுங்கள் என்று தீர்ப்பு.

காமா வெறும் இடுப்போடு வெளியேறினார். ஸ்பிஸ்கோ எழும்பினார். அன்று மாலை அவர் செய்த காரியங்களில் லண்டன் விரும்பிய ஒரே காரியம் அதுதான்.

மறுநாள் முதல் ஒரே பேச்சு. பத்திரிகைகள் ஸ்பிஸ்கோவை உரித்துத் தொங்கவிட்டன. இவனா உலக வீரன்? இவனையா இத்தனை வருடம் தூக்கிப் பிடித்தோம்? வெறும் பாரம், வெறும் பெயர், வித்தை ஒன்றும் இல்லை. ஐரோப்பாவின் மிகையாகப் புகழப்பட்ட மல்லன் யார் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வாக்கெடுப்பு வைத்திருந்தால், எதிர்ப்பே இல்லாமல் ஸ்பிஸ்கோ வென்றிருப்பார்.

இந்த வழக்கு நமக்குப் புதிதா? இல்லவே இல்லை.

யாழ்ப்பாணத்தில் எந்தச் சந்தியிலும் நாலு பேரைக் கூட்டி, "றெஸ்லிங்கில் ஒன்றுமே தெரியாமல் பெரிய ஆளானவன் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். தேத்தண்ணி ஆறிப்போகும், கதை ஆறாது. இன்றைய பெடியள் முதலில் சொல்லும் பெயர் 'தி கிரேட் காளி'. ஹிமாச்சலப் பிரதேசத்துத் தலிப் சிங் ராணா. பஞ்சாப் பொலிஸில் இருந்து அமெரிக்க மேடைக்குப் போனவர். ஏழடி உயரம். 2006 இல் 'அண்டர்ரேக்கரை' விழுத்திக்கொண்டு உள்ளே வந்தார். 2007 ஜூலையில் உலகக் கனரகப் பட்டமே அவர் தோளில் ஏறியது. அமெரிக்காவில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நடக்கவே கஷ்டப்படுகிறவர் சாம்பியனா என்று கேட்டார்கள். பின்னாளில் அவருடைய மூளையடியில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். அந்த உயரத்துக்குக் காரணமே அதுதான். இது தெரிந்த பிறகு சிரிப்பதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பெரியவர்களைக் கேட்டால் அவர்கள் பட்டியல் வேறு. மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்கள் கொண்டுவந்த கதைகளில் 'கிங்கொங்' இல்லாமல் இராது. எமில் சாயா என்ற பெயர் யாருக்கும் தெரியாது, கிங்கொங் என்றால் பேரப்பிள்ளைக்கும் தெரியும். சிங்கப்பூரின் 'கிரேட் வேர்ல்ட்' போன்ற கேளிக்கைப் பூங்காக்களில் இரவு வெளிச்சத்தில் குஸ்தி நடக்கும். அங்கேதான் பஞ்சாபில் இருந்து பிழைக்க வந்த தாரா சிங் பயிற்சி எடுத்தார். கிங்கொங்கின் வயிறு பெரிதா, வித்தை பெரிதா என்ற விவாதம் அன்றைக்குத் தொடங்கியது. இன்னும் தீரவில்லை.

இந்த வாதங்களில் எல்லாம் ஒரு கோளாறு இருக்கிறது. எல்லோரும் கண்ணால் அளக்கிறோம். உயரமாக இருந்தால் அசிங்கம், படுத்திருந்தால் கோழை, பாய்ந்து விழுந்தால் கெட்டிக்காரன். கண்ணுக்கு வடிவாக இருப்பதும் வித்தையும் ஒன்றா?

என்னிடம் உள்ள அளவுகோல் வேறு. எதிரே வருபவன் உண்மையாகவே உன்னை வீழ்த்த வந்தால், எத்தனை நேரம் தாக்குப் பிடிப்பாய்?

இந்தக் கோலை எடுத்து அந்தச் சனிக்கிழமையை அளந்து பாருங்கள். ரோலருடைய இரண்டு சுற்றையும் கூட்டினால் பதினொரு நிமிடம்கூட வராது. அந்த வருடம் லண்டனில் காமாவின் கையில் அகப்பட்ட வேறு எவரும் இத்தனை நேரம் நிற்கவில்லை, கிடக்கவும் இல்லை. ஸ்பிஸ்கோ 154 நிமிடம் கிடந்தார். அவருக்குப் பாய்ச்சல் இல்லாமல் இருக்கலாம். துணிவு அன்றைக்கு இல்லாமல் இருக்கலாம். வித்தை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அவரைப் பார்த்து லண்டன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு.

அடுத்த சனிக்கிழமையும் அவர் இப்படியே கிடப்பாரா? இரண்டாம் தடவை காமா என்ன செய்வார்? ஒரு வார காலத்தில் படுத்திருப்பவனைப் புரட்டும் பிடியைக் கண்டுபிடித்துவிட மாட்டாரா? தம்பி இமாமைக் குப்புறப் படுக்க வைத்துப் பழகினால் முடியாதா? காமாவைப் போன்ற ஒருவருக்கு ஒரு கிழமை பெரிய காலம்.

ஸ்பிஸ்கோவுக்கும் இது தெரியும்.

செப்டெம்பர் 17. மறுபடியும் திடல். மறுபடியும் விரிப்பு. காமா வந்தார்.

குறித்த நேரம் வந்தது.

ஸ்பிஸ்கோ வரவில்லை.

கூட்டம் பொறுத்தது. பிறகு முணுமுணுத்தது. ஸ்பிஸ்கோ இங்கிலாந்திலேயே இல்லை என்ற செய்தி மெல்லக் கசிந்தது. தாய்க்குச் சுகமில்லை, பார்க்கப் போய்விட்டார் என்று காரணம் சொல்லப்பட்டது. உண்மையாகவும் இருக்கலாம். தாயின் சுகவீனத்தைச் சந்தேகிக்கும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் அன்றைக்கு அங்கே கூடியிருந்தவர்களில் அதை நம்பியவர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம்.

வராதவர் தோற்றவர். காமா வென்றதாக அறிவித்தார்கள். பட்டி இடுப்புக்கு வந்தது. 250 பவுணும் வந்தது.

மித்ராவின் ஆசை நிறைவேறியது. கல்கத்தாவுக்குத் தந்தி போகலாம்.

ஆனால் காமா? ஒரு பயில்வானுக்கு எதிரியின் முதுகு மண்ணில் படுவதைப் பார்த்தால்தான் பசி அடங்கும். அவர் கையில் இருந்தது யாரும் வராத கோதாவில் கிடைத்த பட்டி. கொட்சை அழைத்தார். ரஷ்யச் சிங்கம் என்று பெயரெடுத்த ஹாக்கன்ஸ்மித்தை அழைத்தார். ஒருவரும் வரவில்லை. கப்பலேறித் திரும்பும்போது அவருக்கு ஒரு கடன் மிச்சம் இருந்தது. அது ஸ்பிஸ்கோவின் முதுகு.

அந்தக் கடன் எங்கே, எப்போது தீர்ந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "பட்டியாலாவுக்கு எப்போது வருவீர்கள்?" என்றுதானே கேட்கிறீர்கள்? வருகிறேன். மகாராஜா பூபிந்தர் சிங் அரங்கம் கட்டிக்கொண்டு இருக்கட்டும். அதற்கு முன் ஓர் இடத்துக்கு நாம் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் பட்டியாலாவுக்கு வந்து நின்ற மனிதர் யார் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

பதினைந்து ஆண்டுகளைத் தாண்டுவோம்.

ஸ்பிஸ்கோவுக்கு இப்போது வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. தலை மொட்டை. இடையில் ஒரு மகா யுத்தம் வந்து போனது. 1921 இல் 'ஸ்ராங்லர்' லூயிஸை வென்று உலகப் பட்டத்தையும் ஒரு தடவை வாங்கி, மறுபடியும் இழந்துவிட்டார். குஸ்தியும் மாறிவிட்டது. இரண்டரை மணித்தியாலம் ஒருவன் குப்புறக் கிடப்பதைப் பார்க்க இனி யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். ஆகவே அமெரிக்காவில் மூன்று பேர் சேர்ந்து ஒரு புதுத் தொழில் தொடங்கினார்கள். லூயிஸ் ஒருவர். அவருடைய மனேஜர் பில்லி சண்டோ இன்னொருவர். பிடிகளை வேகமாகவும் கண்ணுக்கு விறுவிறுப்பாகவும் அடுக்கிக் கொடுப்பதில் சூரரான 'ரூட்ஸ்' மொண்ட் மூன்றாமவர். யார் வெல்வது, எந்தச் சுற்றில் வெல்வது, அடுத்த மாதம் எந்த ஊரில் பழிவாங்குவது எல்லாம் முன்கூட்டியே மேசையில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டன.

வசூல் கொட்டியது. கொட்டினால் ஆசை கூடும்தானே?

மூவருக்கும் ஒரு யோசனை வந்தது. சாம்பியனுக்குக் குஸ்தி தெரிந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? முடிவுதான் நம் கையில் இருக்கிறதே. சனம் பார்த்தவுடன் வாயைப் பிளக்கிற ஓர் உடம்பு இருந்தால் போதாதா?

உடம்பு கிடைத்தது. பெயர் வெயின் மன். ஆறரை அடி உயரம். நெபிராஸ்கா பல்கலைக்கழகத்தில் உதைபந்தாட்டம் விளையாடியவர். அமெரிக்க உதைபந்தாட்டம், மோதித் தள்ளுகிற விளையாட்டு. முகம் பத்திரிகையில் போடக்கூடிய முகம். சிரித்தால் பெண்கள் ரிக்கெற் வாங்குவார்கள்.

குஸ்தி?

தூக்கத் தெரியும். எறியத் தெரியும். தூக்குவதற்கும் எறிவதற்கும் எதிரி ஒத்துழைக்க வேண்டும். அவ்வளவுதான்.

1925 ஜனவரி 8, கன்சாஸ் நகரம். லூயிஸ் தானே முன்வந்து தன் பட்டத்தை அந்த இளைஞனிடம் தோற்றார். மன் அவரைத் தூக்கிக் கோதாவுக்கு வெளியிலேயே எறிந்தார். சனம் பைத்தியம் பிடித்துக் கத்தியது. புது வீரன் பிறந்துவிட்டான்! எந்தப் பயிற்சிக்கூடத்திலும் ஒரு நல்ல மல்லனுக்கு முன் ஐந்து நிமிடம் நிற்க முடியாத ஒருவர், உலகக் கனரகச் சாம்பியன் ஆகிவிட்டார்.

படுத்தவனைப் பார்த்து "வித்தை இல்லை" என்று சீழ்க்கையடித்த அதே கண்தான் இது. இப்போது எழும்பி நின்று கை தட்டுகிறது.

ஆனால் ஒரு சிக்கல். புதுச் சாம்பியன் பெரிய பெயர்களை வென்றுகாட்ட வேண்டும். பெயர் பெரிதாக இருக்க வேண்டும், ஆள் வயதானவராக இருக்க வேண்டும், சொன்னபடி கேட்பவராகவும் இருக்க வேண்டும். அப்படி யார் இருக்கிறார்கள்?

ஸ்பிஸ்கோ இருக்கிறாரே!

பணம் பேசினார்கள். அவர் தலையாட்டினார். அந்த பெப்ரவரியில் ஒரு தடவை மன்னிடம் சொன்னபடி தோற்றும் காட்டினார். கிழவர் நாணயமானவர் என்று மூவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். அப்படியானால் இன்னொரு தடவை போடலாம். இம்முறை பிலடெல்பியாவில். நாள் 1925 ஏப்பிரல் 15.

ஒன்றை மட்டும் மூவரும் யோசிக்கவில்லை. ஒரு மனிதன் இருபது வருடத்துக்கு மேலாகக் கற்றுக்கொண்ட தொழிலை, அதில் அரிச்சுவடி தெரியாத ஒருவனுக்கு முன் மண்டியிட்டுக் கொடுக்கும்போது அவனுடைய மனசுக்குள் என்ன நடக்கும்? மற்றக் கட்சியில் இவர்களுடைய தொழிலைக் கவிழ்க்கக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். ஜோ ஸ்டெக்கர் என்ற உண்மையான மல்லன் பட்டத்துக்காகக் காத்துக்கொண்டு இருந்தான். அவனுடைய ஆட்கள் மொட்டைத் தலைக் கிழவரோடு ஏதாவது கதைத்தார்களா?

கதைத்தார்கள்.

என்ன கதைத்தார்கள், கிழவர் என்ன பதில் சொன்னார் என்பதை மூவரில் ஒருவருக்கும் யாரும் சொல்லவில்லை.

பிலடெல்பியா. ஒரு மூலையில் உலகச் சாம்பியன் வெயின் மன், ஆறரை அடி. மறுமூலையில், லண்டனில் குப்புறக் கிடந்து உலகத்தின் சிரிப்புக்கு ஆளான கிழவர். ஒப்பந்தப்படி இன்றைக்கும் அவர் விழ வேண்டும். விழுவதற்குத்தான் கூலி.

மணி அடித்தது. சாம்பியன் வழக்கம்போலத் தூக்குவதற்குக் கையை நீட்டினார்.

கிழவர் ஒத்துழைக்கவில்லை.

(அடுத்த வாரம்)